காந்தியடிகளும் ஆட்டுப் பாலும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருதல் வேண்டும் என்று மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். யாம் காந்தியடிகளை எடுத்துக்கொண்டோம். தண்டி யாத்திரையும் ஒத்துழையாமை இயக்கமும் நம் பிள்ளைகளின் பாடநூல்களிலேயே இருக்கின்றன. அவற்றை மீண்டும் எழுதி மலரின் தாளைச் செலவிட யாம் விரும்பவில்லை. அடிகள் தம் வாழ்நாள் முழுதும் சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து நடத்திய போராட்டம் ஒன்று உண்டு. அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

காரணம் இல்லாமல் இல்லை. சென்ற ஆண்டு விழா விருந்தைப் பற்றிய செயற்குழுக் கூட்டம் இரவு பத்து மணி வரை நீண்டது பலருக்கும் நினைவிருக்கும். பிள்ளைகள் விரும்பும் ஆட்டுக்கறிப் பிரியாணி வேண்டும் என்றனர் ஒரு சாரார். அது வேகும் பந்தலில் தாங்கள் இலை போட்டு அமர்வதெங்ஙனம் என்றனர் மற்றொரு சாரார். இரண்டு அடுப்பு, இரண்டு பந்தி என்று ஒருவாறு முடிந்தது. ஆனால் விழாவன்று யாரும் எதிர்பாராத மூன்றாவது கட்சி ஒன்று தோன்றியது. விடுமுறைக்கு வந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி சைவப் பந்தியில் அமர்ந்து, நெய்யையும் தயிரையும் பாயசத்தையும் மறுத்துவிட்டாள். பாலில் என்ன பாவம் கண்டாய் என்று பெரியவர்கள் கேட்டபோது, கன்றுக்கு உரியதை நாம் பறிப்பதும் பால் வற்றிய மாடு போய்ச் சேரும் இடமும் நமக்குத் தெரியாதவையா என்று அவள் அமைதியாகத் திருப்பிக் கேட்டாள். விடை சொல்ல ஒருவருமில்லை. ஆகவே எல்லோரும் சிரித்தோம். அன்று சிரித்தவர்களுள் யாமும் ஒருவர். பின்னர் 'சத்திய சோதனை'யைப் புரட்டியபோதுதான், அப்பெண் கேட்ட கேள்வியை அடிகள் முப்பத்தாறு ஆண்டுகள் மனத்திற் சுமந்து திரிந்தார் என்பது தெரிந்து சிறிது நாணமுற்றோம்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் கத்தியவாரிலுள்ள போர்பந்தரிற் பிறந்தார். வைணவ வணிகர் குடும்பம். சமணத்தின் செல்வாக்கு ஓங்கிய நாடு. அன்னையார் புத்லிபாய் நோன்புகளிலேயே வாழ்ந்தவர். மழைக்காலத்து நான்கு திங்களும் கதிரவனைக் கண்டாலன்றி உணவு கொள்ளாத நோன்பைக்கூட மேற்கொண்டவர். அவ்வில்லத்தில் புலால் என்ற சொல்லே ஒலித்திராது.

அத்தகைய குடும்பத்துப் பிள்ளை இராஜ்கோட்டில் பள்ளியிற் படிக்கும்போது ஆட்டிறைச்சி உண்டது! தமையனாரின் தோழர் ஒருவர் நல்ல உடற்கட்டு வாய்ந்தவர்; ஓட்டத்திலும் தாண்டுவதிலும் வல்லவர். மோகன்தாஸோ இருட்டுக்கு அஞ்சி, விளக்கில்லாமல் உறங்க மாட்டாத பிள்ளை. ஆங்கிலேயர் நம்மை ஆள்வதற்கு அவர்களுடைய புலாலுணவே காரணம், நாமும் உண்டால் அவர்களை ஓட்டிவிடலாம் என்று அத்தோழர் ஓதினார். கவி நர்மதரின் இப்பொருள்பட்ட பாட்டொன்று அந்நாளில் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் வழங்கியதாம். ஆகவே இவர் நாவின் சுவைக்காக உண்ணவில்லை. நாடு விடுதலை பெறுவதற்காக உண்டார் என்பதை நாம் மறத்தலாகாது. ஆற்றங்கரையில் ஒதுக்கிடம் தேடிச் சென்றனர். ரொட்டிக்கடை ரொட்டியும் வெள்ளாட்டுக் கறியும் படைக்கப்பட்டன. கறி தோல் போல் இருந்தது, பாதியிலே எழுந்துவிட்டார். அன்றிரவு கண் மூடும்போதெல்லாம் வயிற்றுக்குள் உயிருள்ள ஆடு ஒன்று கத்துவது போன்ற உணர்ச்சியால் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழுந்தார்.

எனினும் விட்டுவிடவில்லை. தோழர் இடத்தையும் சமையலையும் மாற்றினார். அரசினர் மாளிகை ஒன்றில் மேசையும் நாற்காலியும் போட்டு நயமாகச் சமைத்து அளிக்கவே, பிள்ளைக்குச் சுவை பிடித்துவிட்டது. ஏறத்தாழ ஓராண்டில் ஐந்தாறு முறை இவ்விருந்து நடந்தது. அவ்விரவுகளில் வீட்டிற் பசியில்லை என்று அன்னையாரிடம் பொய் சொல்ல நேர்ந்தது. அந்தப் பொய்தான் அவரைத் தடுத்தது. ஆட்டின் மீது கொண்ட இரக்கம் அன்று. பெற்றோர் உள்ளவரை உண்பதில்லை, அவர்கள் காலத்திற்குப் பின் வெளிப்படையாக உண்ணலாம் என்று முடிவு செய்து நிறுத்தினார். புலால் உண்பதே நல்லது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் அப்படியே இருந்தது.

1888இல் பாரிஸ்டர் படிப்புக்குச் சீமை செல்லும் பேச்சு எழுந்தது. அன்னையார் அஞ்சினார். குடும்பத்திற்கு வேண்டியவரான பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி, மது, மாது, மாமிசம் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று இளைஞரிடம் ஆணை வாங்கிய பின்னரே விடை கொடுத்தார். செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள் பம்பாயிற் கப்பல் ஏறினார். கப்பலிலேயே அறிவுரை தொடங்கிவிட்டது: குளிர்க்கடலை அடைந்தால் இறைச்சியின்றி உயிர் வாழ இயலாது என்றனர். இயலாவிடில் ஊர் திரும்புவேன், ஆணையை முறியேன் என்பதே அவருடைய விடை.

இலண்டனில் அவர் பட்ட பசி, வெளியூரில் வேலைக்கு வந்த நம்முட் பலருக்கு ஓரளவு விளங்கும். முதன்முதல் இப்பக்கத்திற்கு வந்து இறங்கியபோது சோறும் குழம்பும் கிடைக்காமல் எத்தனை நாள் ரொட்டியை வெறித்துப் பார்த்திருக்கிறோம்! அவருக்கு வாய்த்தது காலையில் ஓட்ஸ் கஞ்சி. பகலிலும் இரவிலும் உப்புச் சுவையற்று வெந்த கீரையும் இரண்டு மூன்று துண்டு ரொட்டியும். இன்னுமொரு துண்டு கேட்கக் கூச்சம். உடன் தங்கியிருந்த நண்பர் நல்ல மனத்தவர். இவர் மெலிவதைக் காணப் பொறாமல் நாள்தோறும் வாதாடினார். பெந்தாம் என்னும் அறிஞரின் நூலைப் படித்துக் காட்டினார். கல்வியறிவில்லாத தாயின் முன் செய்த ஆணைக்கு இங்கு என்ன மதிப்பு என்றும் கேட்டார். வாதத்தில் இவரால் வெல்ல முடியவில்லை. ஆணை ஆணைதான் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்நண்பர் ஹோபர்ன் உணவு விடுதிக்கு அழைத்துச் சென்றார். பெரியதோர் கூட்டத்தின் நடுவே அமர்ந்தால் இவர் வாய் திறவாமல் உண்டுவிடுவார் என்பது நண்பரின் கணக்கு. முதலில் சூப் வந்தது. இவர் பரிமாறுபவனை அழைத்து, அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டார். நண்பருக்குச் சினம் பொங்கியது. நாகரிகம் தெரியாவிடில் வெளியே சென்று எங்கேனும் உண்டு காத்திரு என்றார். இவர் மகிழ்ச்சியுடன் வெளியேறினார். அருகிலிருந்த சைவ விடுதி மூடியிருந்தது. அன்றிரவு பட்டினியோடு நண்பருடன் நாடகம் பார்த்துத் திரும்பினார். இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நட்பும் முறியவில்லை.

சைவ விடுதி தேடி நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கல் நடந்தவருக்கு, பேரிங்டன் தெருவில் ஒன்று கண்ணிற் பட்டது. வாயிலருகே கண்ணாடிப் பேழையில் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களுள் ஹென்றி சால்ட் என்பார் சைவ உணவை வேண்டி எழுதிய சிறு நூல் இருந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே சென்று, சீமை வந்த பின் முதன்முறையாக வயிறார உண்டார். அந்நூலை முதலிலிருந்து முடிவு வரை படித்தார். இந்த சால்ட் நம் நாட்டு நைனிதாலில் 1851இற் பிறந்தவர். புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியில் ஆசிரியராக இருந்து, அவ்வேலையை விட்டு எளிய வாழ்க்கையை மேற்கொண்டவர். அதுவரை தாய்க்குச் செய்த ஆணைக்காகப் புலாலை விலக்கிய காந்தி, அன்று முதல் தாமே விரும்பிச் சைவரானார். போர்பந்தரத்து வைணவப் பிள்ளைக்குக் கொல்லாமையை ஆங்கிலேயர் ஒருவர் இலண்டனில் ஒரு ஷில்லிங் நூலாற் கற்பித்தார் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே உண்டாகிறது.

பின்னர் முட்டையைப் பற்றிய ஐயம் வந்தது. விலங்கும் பறவையுமே புலால், மீனும் முட்டையும் ஆகும் என்பார் ஒரு வகையினர். மீனும் ஆகாது, முட்டை ஆகும் என்பார் இன்னொரு வகையினர். உயிரினின்று பெறும் எதுவும், பாலுங்கூட, ஆகாது என்பார் மூன்றாம் வகையினர். இவ்வழக்கு அன்றே அங்கு நடந்தது. சிறிது காலம் முட்டை உண்டு பார்த்தார். பிறகு, ஆணையின் பொருளை அகராதியிலே தேடலாகாது, அதை வாங்கிய அன்னை எப்பொருளிற் கொண்டாரோ அதுவே பொருள் என்று தெளிந்து கைவிட்டார். இவ்வளவுகோலை வாசகர்கள் நினைவிற் கொள்க. முப்பதாண்டு கழித்து இதே அளவுகோல் அவரையே அளக்க வந்தது.

இலண்டன் சைவ உணவுச் சங்கத்தில் உறுப்பினராகிச் செயற்குழுவிலும் இடம்பெற்றார். செயற்குழு என்றாலே பூசல் உண்டு போலும். குழுவில் டாக்டர் அல்லின்சன் என்பவர் இருந்தார். செயற்கைக் கருத்தடையை ஆதரித்துப் பேசியதற்காக அவரை நீக்கவேண்டும் என்று தலைவர் ஹில்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். ஹில்ஸ் பெருஞ்செல்வர், கப்பல் கட்டும் தேம்ஸ் இரும்பு ஆலையின் உரிமையாளர், சங்கமே பெரும்பாலும் அவர் பணத்தில் நடந்தது. காந்திக்கும் கருத்தடை உடன்பாடன்று. ஆயினும் புலாலுணவைத் தவிர்ப்பது ஒன்றே சங்கத்தின் நோக்கம் ஆதலின், வேறு கொள்கை உடையவர் என்பதற்காக ஒருவரை வெளியேற்றல் முறையன்று என்று எழுதிக்கொண்டு சென்றார். எழுந்து படிக்க நா எழவில்லை. தலைவரே வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்தார். வாக்கெடுப்பில் அல்லின்சன் தோற்றார். முதன்முதல் இறங்கிய பொதுப் போரில் காந்தி தோற்ற கட்சியில் நின்றார்.

1891 ஜூனில் பாரிஸ்டராகப் புறப்பட்டுப் பம்பாய் வந்து இறங்கியபோது, ஆணை வாங்கிய அன்னையார் முன்னரே இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. சிறுவயதில் போட்ட கணக்குப்படி இனிப் புலால் உண்ணத் தடையில்லை. ஆனால் உண்ணும் விருப்பமும் போய்விட்டிருந்தது.

1893இல் தென்னாப்பிரிக்கா சென்றார். புதிதாக மனம் மாறியவர்க்குரிய வேகம் அங்கே அவரைச் சில இடறல்களுக்கு உட்படுத்தியது. கிறித்தவக் குடும்பம் ஒன்று அவரை அன்புடன் விருந்துக்கு அழைத்து வந்தது. அவ்வீட்டு ஐந்து வயதுப் பிள்ளையிடம், அவன் தட்டிலிருந்த இறைச்சியை இகழ்ந்தும் தம் தட்டிலிருந்த ஆப்பிளைப் புகழ்ந்தும் பேசினார். பிள்ளையும் பழமே வேண்டும் என்று அடம்பிடிக்கத் தொடங்கினான். மகன் மெலிந்துவிடுவான் என்று அஞ்சிய தாய், அடுத்த வாரம் தம் வருத்தத்தை மறையாது சொன்னார். காந்தி அதனைத் தவறாகக் கொள்ளவில்லை. பிள்ளை தம் பேச்சைவிடத் தம் தட்டைப் பார்த்தே கற்பான். ஆகவே தாம் அங்கு வந்து உண்ணாதிருப்பதே நலம் என்று கூறி, நட்பை விடாமல் வருகையை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஜோகன்னஸ்பர்க்கில் சைவ விடுதி ஒன்றைத் தாங்குவதற்காகக் கட்சிக்காரர் ஒருவரின் பணம் ஆயிரம் பவுனை அவர் இசைவுடன் கடனாகக் கொடுத்து, அது திரும்பாமற் போகத் தம் கையிலிருந்து ஈடுசெய்ததும் இக்காலத்தில்தான். சைவப் பற்றுக்கு அவர் கட்டிய அபராதம் என்க.

இனிச் சொல்லப்போவது எமக்கு உடன்பாடில்லாதது. 1902இல் பம்பாயில் அவருடைய பத்து வயது மகன் மணிலால் கடுஞ்சுரத்தால் வாடினான். குடற்காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் சேர்ந்திருந்தன. பார்சி மருத்துவர் முட்டையும் கோழிச்சாறும் தரவேண்டும் என்றார். தந்தை மறுத்தார். மகனையும் கேட்டார், அவனும் தந்தையின் வழியே போதும் என்றான். இடுப்புக் குளியல், நீர் கலந்த ஆரஞ்சுச் சாறு, ஈரத்துணிப் போர்வை என்று வைத்தியம் நடந்தது. சுரம் 104 பாகையில் நின்ற இரவில், மகனைத் தாயிடம் விட்டுவிட்டுச் சௌபாத்திக் கடற்கரையில் இறைவனை வேண்டியபடி நடந்தார். திரும்பி வந்தபோது மகனுக்கு வியர்வை பெருகியிருந்தது, பிழைத்துக்கொண்டான். பிழைத்ததால் இதனைப் பெருமையாகப் படிக்கிறோம். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒப்புதல் கேட்பது என்ன ஒப்புதல்? நோன்பு தம் உடம்போடு நின்றிருக்கலாம் என்பது பிள்ளை பெற்றவராகிய எம் கருத்து. இறையருளோ, நீர்வைத்தியமோ, நல்ல பணிவிடையோ, மகன் பிழைத்தது எதனால் என்று தம்மால் அறுதியிட முடியாது என அடிகளே பின்னர் எழுதினார்.

கஸ்தூரிபாயின் நிலை வேறு. டர்பனில் மயக்க மருந்தின்றி அறுவை செய்துகொண்டு மிகத் தளர்ந்திருந்தபோது, மருத்துவர் மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தாக வேண்டும் என்றார். காந்தி ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அன்றே வண்டி ஏறி வந்து, அம்மையாரையே கேட்டார். அவர் உயிர் போனாலும் வேண்டாம் என்றார். தம் சொல்லைக் கேளாதவர்களைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள மருத்துவர் இசையவில்லை. தூறும் மழையில் இரயில் ஏற்றிப் பீனிக்ஸ் நிலையத்தில் இறக்கி, அங்கிருந்து ஏணையிற் சுமந்து குடியிருப்புக்குக் கொண்டுசென்றனர். நிலையத்துக்கு முன்னதாகவே சூடான பால் புட்டியுடன் ஆள் வந்து காத்திருந்தது. பால் அந்நாளில் காந்தியின் வீட்டில் இன்னும் குற்றவாளி ஆகவில்லை.

இனித் தமிழர் அறியவேண்டிய இடத்துக்கு வருகிறோம். 1910 மே 30ஆம் நாள், ஜெர்மானிய யூதரும் கட்டடக் கலைஞருமான காலன்பாக் தம் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்கென வாடகையின்றி அளித்தார். அதுவே தால்ஸ்தாய்ப் பண்ணை. லாலி இரயில் நிலையத்துக்கு ஏறத்தாழ ஒரு கல் தொலைவு. ஜோகன்னஸ்பர்க்குக்கு 21 கல். பொதுப் பணிக்கன்றி இரயிலில் ஏறலாகாது, ஏறினும் மூன்றாம் வகுப்பே என்பது விதி. மற்றப்படி 21 கல்லும் நடைதான். சிறை சென்றோரின் குடும்பங்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள் எல்லோரும் இருந்தனர்; தமிழர் பலர். போப்பையரின் தமிழ்க் கையேட்டைத் தாண்டாத தம் தமிழைக் கொண்டு காந்தி தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்ததும் இங்கேயே.

நம் செயற்குழு பத்து மணி வரை பேசிய அதே சிக்கல் அங்கும் எழுந்தது. சமையல் எவ்வாறு? வழக்கமாகப் புலால் உண்பவர் வந்து கேட்டால், அது மாட்டிறைச்சியே ஆயினும் கொடுத்தாகவேண்டும். துன்பத்திற் பங்கு கொள்ள வந்தவர்மீது தம் கொள்கையைச் சுமத்துதல் கூடாது என்று காந்தி தமக்குள் முடிவு செய்துகொண்டார். அதன் பின்னரே முஸ்லிம், கிறித்தவச் சகோதரிகளிடம் சென்று, செலவையும் தம் விருப்பத்தையும் எடுத்துரைத்து, ஒரே சைவ அடுப்புக்கு இசைவு கேட்டார். அவர்கள் மகிழ்ந்து இசைந்தனர். ஆடவரும் இசைந்தனர். மறுத்திருந்தால் இறைச்சி வந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. காலை ஆறு மணிக்கு ரொட்டியும் கோதுமைக் காப்பியும். பதினொரு மணிக்குச் சோறு, பருப்பு, காய்கறி. மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும் அல்லது ரொட்டியும் காப்பியும். எல்லோரும் ஒரே பந்தி. அவரவர் கலத்தை அவரவரே கழுவினர்.

அந்தப் பாலையும் 1912இல், அப்பண்ணையிலேயே, காந்தியும் காலன்பாக்கும் கைவிட்டனர். புலனடக்கத்திற்குப் பால் தடை என்று இராய்ச்சந்த்பாய் என்னும் சமண அறிஞர் சொன்னது ஒரு காரணம். மற்றொன்று கல்கத்தாவிலிருந்து வந்த சில வெளியீடுகள். சுரக்க மறுக்கும் பசுவையும் எருமையையும் வலிந்து கறப்பதற்காக அவற்றின் உடலினுட் காற்றூதும் 'பூக்கா' என்னும் கொடுமையை அவை விரித்துரைத்தன. படித்த பின் காந்திக்குப் பால் இறங்கவில்லை. நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஒலிவ எண்ணெய் இவையே உணவாயின.

1914இல் போர் தொடங்கிய வேளையில் இலண்டனை அடைந்தார். மார்புச் சவ்வழற்சியிற் படுத்தார். கோகலே பால் அருந்துமாறு வற்புறுத்தினார். குருவாக மதித்தவரிடம் உடனே மறுக்க மனமின்றி ஒருநாள் தவணை கேட்டு, மறுநாள் இயலாது என்றார். மருத்துவம் பார்க்க வந்தவருள் ஒருவர், முன்னாளிற் செயற்குழுவில் தோற்ற அதே அல்லின்சன். அன்பர் ஒருவர் பாலே கலவாதது என்று நம்பி ஒரு புட்டி மால்ட் பொடியை வாங்கித் தந்தார். ஒரு கரண்டி குடித்ததும் பாலின் சுவை தெரிந்தது. புட்டியின் சீட்டைப் படித்தார். பாலினாற் செய்ததென்றே அச்சிட்டிருந்தது. அத்துடன் விட்டார். கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கும் இக்காலப் பிள்ளைகளைக் கண்டு நகைப்போர் இதனைக் கருதுக.

1918இல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து படைக்கு ஆள் சேர்க்கையில் நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையுமே உணவு. உடல் முன்னரே தளர்ந்திருந்தது. பண்டிகை நாளொன்றில் கஸ்தூரிபாய் ஆக்கிய இனிப்புக் கோதுமைக் கஞ்சியை ஆசைப்பட்டு உண்டார், சீதபேதி கண்டது. இனிப் பிழையோம் என்றே எண்ணி ஆசிரமத்தாரிடம் விடைபெறும் நிலைக்கு வந்தார். திங்கள் பல கடந்தும் தேறவில்லை. 1919 சனவரியில் பம்பாயில் மூலநோய்க்கு அறுவை செய்த டாக்டர் தலால், பால் அருந்தாவிடில் உடம்பு தேறாது என்று உறுதியாகச் சொன்னார். நோன்பு என்றார் காந்தி. எதனால் அந்நோன்பு என்று மருத்துவர் கேட்க, பசுவுக்கும் எருமைக்கும் இழைக்கும் கொடுமையைச் சொன்னார். கட்டிலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரிபாய், அப்படியானால் ஆட்டுப் பாலுக்குத் தடையில்லையே என்றார். மருத்துவர் அதனைப் பற்றிக்கொண்டார். காந்தி இணங்கினார்.

கணவரின் உயிரைக் காக்க அம்மையார் கண்ட வழி அது. எம் வீட்டிலும் அப்படித்தான் நிகழ்ந்திருக்கும். ஆனால் அடிகளுக்கு அது ஆறாப் புண்ணாயிற்று. நோன்பு கொண்டபோது மனத்திலிருந்தவை பசுவும் எருமையுமே. எனினும் எல்லாப் பாலும் என்பதே நோன்பின் உண்மைப் பொருள் என அவருக்குத் தெரியும். தாய் எப்பொருளிற் கொண்டாரோ அதுவே பொருள் என்று முட்டையை விலக்கிய அந்தப் பழைய அளவுகோல் இப்போது அவருக்கு எதிராக நின்றது. சொல்லைக் காத்து உயிரைக் கொன்றுவிட்டோம் என்ற கருத்தில், உலகறியத் தம் வரலாற்றில் எழுதி வைத்தார். ரௌலட் சட்டத்தை எதிர்க்க உயிர் வாழும் ஆசையே தம்மை வழுவச் செய்தது என்பதையும் மறைக்கவில்லை. பாலுக்கு நிகரான பயிருணவு ஏதேனும் உண்டா என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 1929இல் சமைக்காத உணவை மட்டும் உண்டு பார்த்தார். நோய் கண்டு நிறுத்தினார்.

1931 நவம்பர் 20ஆம் நாள், வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றிருந்தபோது, இலண்டன் சைவ உணவுச் சங்கம் அவரை வரவேற்றது. ஒரு ஷில்லிங் நூலை எழுதிய ஹென்றி சால்ட் எண்பது வயது முதியவராக அவரருகே அமர்ந்திருந்தார். உடல்நலத்திற்காக மட்டும் சைவரானவர் நோய் கண்டவுடன் மாறிவிடுவர். அறத்தின்மேல் நிற்பவரே நிலைப்பர் என்பது அன்று அடிகள் பேசியதன் கருத்து. புலால் உண்போரை இழிவாக நோக்குதல் சைவர்க்கு ஆகாது என்றும், நாள் முழுதும் உணவைப் பற்றியே பேசும் சைவர் தம் கட்சிக்கே கேடு செய்வர் என்றும் எடுத்துரைத்தார். தாம் பாலை விட்டதையும் விட்டது நிலைக்காமற் போனதையும் அவையில் ஒளிக்கவில்லை.

1942இல் பூனா ஆகாகான் மாளிகையிற் சிறையிருந்து உடல்நலம் பற்றி நூல் எழுதியபோது, பால் விலங்கின் உடலினின்று வருவதாதலின் சைவ உணவே அன்று என்று எழுதினார். கருவில்லா முட்டையை வெறுக்கப் பால் உண்பவருக்கு உரிமை இல்லை என்றும் துணிந்து கூறினார். நாட்டுப் பிரிவினையை ஒட்டி, 1947 ஜூலையில் பசுக்கொலையைச் சட்டத்தால் தடுக்கக் கோரித் தந்திகளும் கடிதங்களும் குவிந்தன. பசுவைத் தெய்வமென மதித்த அவரே, இந்துக்களின் அறத்தை இந்துக்கள் அல்லாதார் மீது சட்டத்தாற் சுமத்துதல் கூடாது என்று பிரார்த்தனைக் கூட்டத்திற் கூறினார். தால்ஸ்தாய்ப் பண்ணையின் சமையற்கட்டில் மேற்கொண்ட முடிவை முப்பத்தேழு ஆண்டு கழித்தும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் நாடிய பாலில்லா வாழ்க்கைக்கு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பாரும் தோழரும் 1944 நவம்பரில் 'வீகன்' என்று பெயர் சூட்டிச் சங்கம் அமைத்தனர். பயிருணவில் கிட்டாததும் பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றில் இருப்பதுமான பி-12 என்னும் உயிர்ச்சத்தை அறிவியலார் தனியே பிரித்தெடுத்தது 1948இல். இன்று அதனை நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கி மாத்திரையாக விற்கின்றனர். பாலை விலக்கும் பிள்ளைகள் அம்மாத்திரையை மறவாது உண்ணுதல் வேண்டும் என்று மருத்துவர் சொல்வதை அவர்களின் பெற்றோர் குறித்துக்கொள்க. அடிகள் தேடியது அவர் காலத்திற் கிடைக்கவில்லை.

1948 சனவரி 30ஆம் நாள் மாலை நாலரை மணி. தில்லி பிர்லா மாளிகையில் சர்தார் பட்டேல் பேசிக்கொண்டிருந்தார். ஆபா உணவு கொண்டுவந்து வைத்தார். வெந்த காயும் பச்சைக் காயும் ஆரஞ்சுப் பழமும் இருந்தன. ஒரு கிண்ணத்தில் ஆட்டுப் பாலும் இருந்தது. அதனை அருந்திவிட்டுப் பிரார்த்தனைக்கு நேரமாயிற்றென்று எழுந்தார்.